அடிக்கடி கதைக்கிற ஐந்து பேர்

நாலு மணிக்குத் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லி அந்தக் கொம்பனிப் பிள்ளை வைத்தபோது சுவர் மணிக்கூட்டில் மூன்று இருபது. சிவகடாட்சம் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றான். வைத்தால் மறுபடி அடிக்கும், காதோடு பிடித்துக்கொண்டு நின்றால் அடிக்காது என்று மனம் ஒரு சிறுபிள்ளைக் கணக்குப் போட்டது. அது கூடாத கணக்கென்றும் தெரிந்தது. ரிசீவரில் நெத்தலி வாடை ஏறிவிட்டிருந்தது. மங்கை வேலைக்குப் போகும்போது இரண்டு காரியம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒன்று, மேசையில் பேப்பர் விரித்து நெத்தலிக் கருவாட்டைத் தலை கிள்ளித் துப்புரவாக்கி வைப்பது. மற்றது, தொலைபேசிக் கொம்பனி மாறுவது. நெத்தலி பாதி முடிந்திருந்தது. கொம்பனி மாறுகிற வேலையும் பாதியில் நின்றது. அவன் ஒருபடியாக ரிசீவரை வைத்துவிட்டு, அது அடிக்கிறதா என்று பார்த்தான். அடிக்கவில்லை. நாலு மணி என்றால் நாலு மணி; இந்த நாட்டில் பயமுறுத்துகிறவர்கள்கூடச் சொன்ன நேரத்துக்குத்தான் வருவார்கள். கதிரையில் அமர்ந்து ஒரு நெத்தலியை எடுத்தான். பதினோராம் மாடி யன்னலுக்கு வெளியே மாசி மாதத்து வெளிச்சம், சூடில்லாத வெறும் வெளிச்சம், கீழே கார்த் தரிப்பிடத்தில் ஆரோ பனியைச் சுரண்டுகிற சத்தம் கிறீச் கிறீச் என்று மேலே வந்தது. நாற்பது நிமிடம் இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் ஒரு மனிதன் வீட்டைவிட்டு இறங்கி எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசித்தான். பஸ் தரிப்பிடம் வரை போகலாம். போய்? திரும்பி வரத்தானே வேண்டும், மங்கை கேட்கத்தானே போகிறாள், எடுத்தவளோ, என்ன சொன்னவள், ஏன் நீங்கள் வீட்டில் நிற்கவில்லை என்று.

இத்தனைக்கும் அவன் கனடாவில் வந்து இறங்கிய காலத்தில் இங்கே வெளியூருக்குக் கதைக்க ஒரே ஒரு கொம்பனிதான் இருந்தது. வைத்ததுதான் விலை, கேட்பாரில்லை. சனம் திட்டித் திட்டிக் கதைத்தது, கதைத்துக் கதைத்துத் திட்டியது. ஆனால் அந்தக் கொம்பனி அவனிடம் எதையும் கேட்டதில்லை, அதுதான் அதன் நல்ல குணம். பிறகு அரசாங்கம் படலையைத் திறந்துவிட்டதாம், யாரும் கடை போடலாமாம். அதோடு வந்ததுகள் ஒன்றா இரண்டா. கடிதப் பெட்டியைத் திறந்தால் நாலு கொம்பனி, தமிழ்க் கடையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனால் காசு வாங்குகிற இடத்தில் ஒரு கொம்பனி, கோயில் திருவிழாவில் அன்னதான வரிசைக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு இரண்டு கொம்பனி. வேலைத்தலத்தில் சின்னராசா அண்ணை மூன்று மாதத்தில் நாலு கொம்பனி மாறியவர். இடுப்பில் கட்டுகிற சாரம் மாற்றுவதற்கும் அந்த மனிசன் அவ்வளவு அவசரம் காட்டியிருக்கமாட்டார். நிமிடத்துக்கு எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு என்று சாப்பாட்டு மேசையில் பிரசங்கமே நடக்கும். கடாட்சம் தலையாட்டிக்கொண்டு சோற்றைப் பிசைவான். அவனுக்கு விலை பற்றிப் பயமில்லை. தெரிவு செய் என்று யாராவது சொன்னால்தான் எழும்பிக் கை கழுவப் போய்விடுவான். போன கிழமை மங்கைதான், இந்தக் கொம்பனி நல்லது, தமிழ்ப் பிள்ளைகளை வைத்துத் தமிழிலேயே கதைக்கிறார்கள், கொழும்புக்குப் பாதி விலை, அம்மாவோடு ஒரு மணித்தியாலம் கதைக்கலாம் என்று முடிவெடுத்தாள். அவளுடைய அம்மா வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறார். வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு எடுத்தால், கூப்பிட்டு அவர் வந்து சேரவே மூன்று நிமிடம், வந்து நின்றாலும் இருந்தாலும் வலிக்கிற நாரி உளைவைச் சொல்லிமுடிக்க இன்னும் மூன்று நிமிடம். பிறகு, போதும் பிள்ளை, காசு ஏறும், வை என்பார். அந்த வை என்கிற சொல்தான் மங்கைக்குத் தாங்க முடியாதது. வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பாள். அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே கொம்பனி மாறத்தான் வேண்டும். அதில் அவனுக்கு இரண்டாம் பேச்சில்லை. மறுக்க ஒரு காரணமும் இல்லை, சொல்லக்கூடிய காரணம்.

தர்ஷிகா என்று தன் பெயரைச் சொன்னாள் அந்தப் பிள்ளை. இருபது வயதுகூட இராது, குரலில் சிரிப்பு. எந்த ஊர் அண்ணா என்று கேட்டாள். அவன் சொன்னதும், அம்மாவும் அந்தப் பக்கந்தான் என்றாள். அதுவரை எல்லாம் சுகமாகத்தான் போனது, பெயர், விலாசம், பிறந்த திகதி. அவன்கூட ஒரு நெத்தலியைக் கிள்ளிக்கொண்டே பதில் சொன்னான். பிறகு அவள் திட்டத்தை விளக்கினாள். "நீங்கள் அடிக்கடி கதைக்கிற அஞ்சு பேர். அவையளின்ர பேரும் நம்பரும் தந்தாக் காணும் அண்ணா. அந்த அஞ்சுக்கும் பாதி விலை." அவனுடைய விரல் நின்றது. அவள் நிற்கவில்லை. ஐந்தும் நிரப்பினால்தான் விலைக்கழிவாம், நாலு போதாதாம். அவர்களுக்கு ஒரு பிரச்சினையும் வராதாம். "நாங்களே அவையளுக்குக் கோல் எடுத்து, இன்னார்தான் உங்கட பேரைத் தந்தவர் எண்டு சொல்லுவம். அவையளும் சந்தோசப்படுவினம்." அவன் என்ன சொன்னான் என்று இப்போது சரியாக நினைவில்லை. கதவில் ஆரோ தட்டுகிறார்கள் என்று சொன்னான் போல. கதவில் ஒருவரும் தட்டவில்லை. பரவாயில்லை அண்ணா, யோசிச்சு எழுதி வையுங்கோ, நாலு மணிக்கு எடுக்கிறன் என்றாள். யோசித்து எழுதி வை. அதையும் அன்றைக்கு முகாமில் அவர்கள் அப்படியேதான் சொன்னார்கள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள். அடித்துக் கேட்டார்கள் என்றால் இன்றைக்கு ஒரு சாட்டாவது இருந்திருக்கும்.

அடிக்கவில்லை. அதுதான் பத்து வருடமாக அவன் எவருக்கும் சொல்லாமல் வைத்திருப்பது. ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஆமி முகாமாக்கியிருந்தது, அவனை வைத்திருந்தது சின்ன வகுப்பு அறை, சுவரில் வாய்ப்பாடு எழுதியிருந்தது. புதன்கிழமை சுற்றிவளைப்பில், அவன் சாமான் நிறுத்துக்கொடுக்கிற சங்கக்கடையிலிருந்து, கையில் சீனிக் கரண்டியோடு கொண்டுபோனார்கள். மூன்று நாள் அடுத்த அறைகளில் கேட்ட சத்தங்களை அவன் கேட்டான், அதுவே போதுமென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சனிக்கிழமை ஒரு அதிகாரி வந்தார், மொழிபெயர்க்க ஒரு ஆள், பிளேன்ரீ வந்தது, பிஸ்கற்கூட வந்தது. அவன் அந்த பிஸ்கற்றைத் தின்றான். அதை நினைக்கும்போது மற்றதையெல்லாம்விட அதுதான் கூசுகிறது. நீ அடிக்கடி கதைக்கிற ஐந்து பேர், அவ்வளவுதான், அவர்களுக்கு ஒன்றும் நடக்காது, நீயும் வீட்டை போகலாம் என்றார்கள். கடாட்சம் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்தான். ஜெர்மனிக்குப் போய்விட்ட மச்சானின் பெயரைச் சொன்னான். போன வருடம் மாரடைப்பில் செத்த தபால்காரரின் பெயரைச் சொன்னான். லண்டனுக்குப் போன கணக்கு வாத்தியார். பாம்பு கடித்துச் செத்த ஒரு பெடியன். நாலு பேர், நாலு பேரும் ஒருவர் கைக்கும் எட்டாதவர்கள். அதிகாரி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினார். பெருவிரல் மட்டும் மடங்காமல் நின்றது. அவர் அந்தப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு இருந்தார், கடாட்சமும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தான். ஐயைந்து இருபத்தைந்து, ஆறைந்து முப்பது என்று சுவர் சொல்லிக்கொண்டிருந்தது. நாலு போதாது. ஐந்தும் நிரப்பினால்தான்.

மணி மூன்று முப்பத்தேழு. நெத்தலித் தலைகள் பேப்பரின் ஓரத்தில் ஒரு சிறு குவியலாக, எல்லாம் கண் திறந்தபடி. அவன் பேப்பரை மடித்து அதை மூடினான். மூடிவிட்டு, சரி, எழுதிப் பார்க்கலாம் என்று மகளின் பென்சிலை எடுத்தான். எழுதுவதில் என்ன, எழுதிவிட்டுக் கிழிக்கலாம். மகள் நீச்சல் வகுப்பில் இருக்கிறாள், ஐந்து மணிக்குப் போய்க் கூட்டிவரவேண்டும், ஐந்து மணி என்று ஒன்று இருக்கிறது, நாலு மணிக்கு அப்பால் ஒரு நேரம் இருக்கிறது என்று நினைத்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. காலையில் மங்கை சொன்ன ஒழுங்கு: ஒன்று அம்மா. இரண்டு பாரிஸ் தங்கச்சி. மூன்று மொன்றியல் மாமா. மற்ற இரண்டும் உங்கட ஆக்களைப் போடுங்கோ என்றாள், பெரிய மனது வைத்து. உங்கட ஆக்கள். ஒஸ்லோவில் தம்பி இருக்கிறான், அவனைப் போடலாம். போட்டால் அவனுக்கு எடுத்து, உங்கட பேரை அண்ணர் தந்தவர் என்பார்கள். தம்பி சிரிப்பான். பயப்பட என்ன இருக்கிறது, இது கனடா, இவர்கள் தொலைபேசி விற்கிறவர்கள், காசு உழைக்க வந்த சனம். அவனுக்கு அது விளங்காமல் இல்லை. அவன் மடையனில்லை, வரி கட்டுகிறான், கார் ஓட்டுகிறான், பிள்ளையின் வாத்தியாரோடு ஆங்கிலத்தில் கதைக்கிறான். ஆனால் பென்சிலைப் பிடித்த கை அம்மா என்கிற முதலாம் இடத்தில் மாமியின் பெயரை எழுதமாட்டேன் என்கிறது. ம என்று தொடங்கி அங்கேயே நிற்கிறது. அந்த வீட்டிலிருந்து இன்னொரு பெயரா. ஒருவரைக் கொடுத்தது போதாதா, கடாட்சம்.

ஏனென்றால் அந்தப் பெருவிரலுக்கு அவன் கொடுத்தது கமலேந்திரனை. மங்கையின் அண்ணன். அப்போது மங்கை அவனுக்கு ஒருத்தியுமில்லை, சிநேகிதனின் வீட்டில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிற பெட்டை. கமலேந்திரன் வியாழக்கிழமை வள்ளத்தில் இந்தியாவுக்குப் போகிறான் என்பது கடாட்சத்துக்கு மட்டும் தெரியும், பயணப் பையை வாங்கிக்கொடுத்ததே அவன்தான். சனிக்கிழமை அந்த அறையில் இருந்து கணக்குப் பார்த்தான்: புதன் என்னைப் பிடித்தது, வியாழன் வள்ளம், வெள்ளி அவன் ராமேஸ்வரத்தில் தோசை தின்றிருப்பான், இன்றைக்குச் சனி, ஆகவே அவனும் எட்டாதவன். சொன்னான். பெருவிரல் மடங்கியது. ஒரு குற்ற உணர்வும் அப்போது இருக்கவில்லை, உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் சிரிப்புத்தான் இருந்தது, ஐந்து பேரையும் காற்றிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று. வள்ளம் வியாழக்கிழமை போனது. கமலேந்திரன் போகவில்லை. கடாட்சத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று புதன் பின்னேரமே கேள்விப்பட்டு, பையைத் திரும்ப வீட்டில் வைத்துவிட்டு, சங்கக்கடை மனேச்சரின் காலைக் கையைப் பிடித்து, இவர் எங்களிடம் வேலை செய்கிறவர், நல்லவர் என்று ஒரு கடிதம் எழுதுவித்து, ஞாயிற்றுக்கிழமை காலமை அதைக் கொண்டு தானாகச் சைக்கிளில் முகாம் வாசலுக்கு வந்தான். வாசலில் பெயர் கேட்டார்கள். அவன் தன் பெயரைச் சொன்னான். ஏன் சொல்லக்கூடாது, அவன் ஒரு குற்றமும் செய்யாதவன். ஒரு நாள் முந்தி எழுதிய தாளில் அந்தப் பெயர் ஐந்தாவதாக இருந்தது. திங்கட்கிழமை கடாட்சத்தை விட்டார்கள். வெளியே வரும்போது மதிலோடு சாத்தியிருந்த சைக்கிளை அவன் கண்டான். பச்சைச் சைக்கிள், பின்பக்கம் சணல் கயிறு. கண்டும், அது வேறு ஆருடையதோ என்று நினைத்துக்கொண்டு நடந்தான். மனம் அப்படி ஒரு வசதியான பொருள். அன்றைக்குப் போன கமலேந்திரன் இன்றைக்குவரை வரவில்லை.

கடாட்சம் எழும்பித் தண்ணீர் குடித்தான், குடித்தது எங்கே போனதென்று தெரியவில்லை. மணி மூன்று நாற்பத்தொன்பது. கலியாணம் நடந்தது அதற்கு நாலு வருடத்துக்குப் பிறகு கொழும்பில், ஒரு கோயில் மண்டபத்தில், நாற்பது சனத்தோடு. அவன் உனக்காகப் போனவன் தம்பி, அவன்ர தங்கச்சியை நீ பார் என்று மாமிதான் கேட்டார். இல்லை என்று எந்த வாயால் சொல்வது. ஓம் என்று எந்த வாயால் சொல்வது. ஓம் என்றான். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவப் பெண்ணின் சகோதரன் வரவேண்டும், கழுவியதும் அவன் விரலில் மாப்பிள்ளை மோதிரம் போடவேண்டும். மங்கையின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் செம்போடு வந்து குனிந்தான். கடாட்சம் செய்வித்துக்கொண்டு போன மோதிரம் அந்த மெல்லிய விரலில் நிற்கவில்லை, கழன்று தண்ணீர்த் தட்டில் விழுந்தது. ஆரின் அளவுக்குச் செய்வித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும் ஆரின் அளவென்று. தட்டான் விரலின் பருமன் கேட்டபோது, யோசிக்காமல், என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிசு என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். மாமி இப்போதும் தொலைபேசியில், எந்தப் பாவி அவன்ர பேரைக் குடுத்தானோ என்று ஒவ்வொரு முறையும் ஒரு தரமாவது சொல்வார், நாரி உளைவுக்கும் காசு ஏறுகிறதுக்கும் நடுவில். மங்கை அதற்கு ம் என்பாள். சில நாள் ரிசீவரை அவனிடம் கொடுத்து, அம்மா கதைக்கவேணுமாம் என்பாள். அவனும் அந்த வசனத்தைக் கேட்டு ம் என்றிருக்கிறான். பாதி விலை என்றால் ஒரு மணித்தியாலம் கதைக்கலாம். ஒரு மணித்தியாலத்தில் அதை எத்தனை தரம் கேட்கவேண்டி வரும்.

இனி என்ன செய்யலாம். தொலைபேசி வயரைச் சுவரிலிருந்து கழற்றலாம். கழற்றினால் மங்கை வந்து கண்டுபிடிப்பாள். வேறு கொம்பனி நல்லது என்று சொல்லலாம், பேர் கேட்காத ஒரு கொம்பனி இருக்காதா, இத்தனை கொம்பனியில் ஒன்றாவது, பழையதுபோல வாயை மூடிக்கொண்டு காசை மட்டும் பிடுங்குகிற ஒன்று. அதைச் சொன்னால் ஏன் என்பாள். அதற்கு அவனிடம் இருக்கிற பதிலைச் சொன்னால் இந்த வீடு இல்லை. மறுபடி செத்த ஆட்களின் பெயரைக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தான், யோசித்ததும் பென்சிலைக் கீழே வைத்தான். அதே மூளை, அதே கெட்டித்தனம். எட்டாதவர்கள் என்று நினைத்தவர்களைத்தான் எட்டுகிறது. வெள்ளவத்தைப் பின்னறையில் மாமியைக் கூப்பிட்டு, மெல்ல மெல்ல அவர் நடந்து வந்து, ஹலோ என்கிறார், சிரிப்புக் குரல் ஒன்று சொல்கிறது, உங்கட பேரைத் தந்தது சிவகடாட்சம். அவன் அந்தக் குரலைத் தெளிவாகக் கேட்டான். கேட்டு, கையிலிருந்த தாளைக் கசக்கினான். அதில் ம என்ற ஒரு எழுத்துத்தான் இருந்தது. வெளியே பனி சுரண்டுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. கதவில் சாவி திரும்பியது, அதே நேரம் தொலைபேசி அடித்தது.

மங்கை சப்பாத்துக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து எடுத்தாள். வேலையை அரை மணித்தியாலம் முந்தி விட்டுவிட்டார்களாம், மேலங்கியில் பனி உருகிச் சொட்டியது. ஓம் ஓம் சொல்லுங்கோ என்றாள், கண்ணால் அவனைப் பார்த்து, எழுதினீங்களோ என்று கேட்டாள். அவன் கசக்கின தாளைக் கைக்குள் மறைத்தான். அவளுக்கு எழுத்து என்னத்துக்கு. அம்மா, தங்கச்சி, மாமா, ஒஸ்லோ மச்சான் என்று மரக்கறிக் கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னாள், நம்பர்களெல்லாம் அவளுக்குப் பாடம். பெயர்கள் அவள் வாயிலிருந்து அப்படி இலேசாகப் போவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிமிடம் அவள்மேல் அவனுக்கு என்றுமில்லாத அன்பு வந்தது. ஐந்தாவதில் நின்றாள். நாலு போதாதாம் என்று அவனுக்குச் சொன்னாள். பிறகு முகம் கொஞ்சம் மாறி, குரலைத் தணித்துத் தொலைபேசிக்குள் கேட்டாள்.

"நம்பர் இல்லாம ஒரு பேரை மட்டும் போட்டு வைக்கலாமோ, பிள்ளை? எங்கட அண்ணா. எங்கயெண்டு தெரியாது. ஆனா எடுப்பார்."

அந்தப் பிள்ளை என்ன சொன்னாளோ, மங்கையின் முகம் தெளிந்தது. போடலாமாம், நம்பர் ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் சரியாம் என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, கமலேந்திரன் என்றாள், நிறுத்தி, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். இந்த வீட்டில் அந்தப் பெயரை ஒருவரும் முழுதாகச் சொல்வதில்லை, அண்ணா என்றுதான் சொல்வது. மங்கை ரிசீவரை நீட்டினாள். லைன் உங்கட பேரில, நீங்கள் ஓம் எண்டு சொல்லவேணுமாம், பதிவு செய்யினமாம் என்றாள். நீட்டிவிட்டு, கதிரையில் அமர்ந்து, கிள்ளாமல் கிடந்த ஒரு நெத்தலியை எடுத்துத் தன்பாட்டில் கிள்ளத் தொடங்கினாள்.

தர்ஷிகா பெயர்களை வாசித்தாள். நல்ல பிள்ளை, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றான். மாமியின் பெயருக்கும் சொன்னான், சொல்ல முடிந்தது. அவனுடைய இடது கை விரல்கள் தன்பாட்டில் மடங்கிக்கொண்டு வந்தன. நாலு மடங்கிவிட்டது. ஐந்தாவது பெயரை அவள் வாசித்துவிட்டு, சரியோ அண்ணா என்று கேட்டுக் காத்திருந்தாள். அவன் தன் பெருவிரலைப் பார்த்தான். ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அந்தப் பேரை நான் ஒருக்காச் சொல்லிப்போட்டன், பிள்ளை."

"எங்களுக்கோ அண்ணா? எங்கட பதிவில இல்லையே."

"உங்களுக்கில்லை."

நெத்தலி கிள்ளுகிற சத்தம் நின்றது. அப்படி ஒரு சத்தம் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. மங்கை எழும்பவில்லை. மேலங்கியோடு, உருகின தண்ணீர் காலடியில் தேங்க, அவனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஆருக்குச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

தொலைபேசிக்குள் அந்தப் பிள்ளை, அண்ணா, லைனில நிக்கிறியளோ என்று கேட்டாள்.

"நிக்கிறன்" என்றான் அவன், மங்கையைப் பார்த்து.